ஆளுக்கு ஒரு சிட்டிகை விதை!



'விதை முளைத்தல்' படம் வரைந்து, பாகம் குறித்து 5 மார்க் வாங்குகிறோம். ஆனால் ஒரு விதை முளைப்பதைத் தினமும் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும்!

செடி வளர்க்க இடம் வேணும், காசு வேணும் என்பதெல்லாம் சும்மா சாக்கு. சர்பத்தில் மிதக்குமே கறுப்பு சப்ஜா விதை, அது திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளி போதும். மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்பி, ஈரமாக்கி, விதையை மேலாகத் தூவணும். ஆழமாகப் புதைத்தால் அந்தப் பொடி விதையால் மேலே வர முடியாது. தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்கணும். விதையைச் சுற்றி வழவழன்னு கூழ் மாதிரி வரும். அழுகிப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க! ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்தக் கூழ்தான். 10 நாளுக்குள் 2 விதையிலைகள் எட்டிப் பார்க்கும். செடி கொஞ்சம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். இலையைத் தொட்டாலே கை மணக்கும்.

விழாவில் நமக்குத் தரும் மரக்கன்று யாரோ முளைக்க வைத்தது. அதனால்தான் அது வாடினாலும் நமக்கு வலிப்பதில்லை. நாமே முளைக்க வைத்ததை வாட விடுவோமா?

ஆகவே, அந்தப் பாடம் நடத்தும்போது ஆளுக்கு ஒரு சிட்டிகை விதை கொடுங்கள், டீச்சர். படம் அப்புறம் வரையலாம். முதலில் முளைக்கட்டும்!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி