யேமன்: அங்கீகாரம் ஏடனுக்கு, அதிகாரம் சனாவில்

புது தில்லி: அங்கீகரிக்காத ஓர் அதிகாரத்துடன் பேசுவது எப்படி? யேமனின் ஹூதி இயக்கம் எழுப்பும் இக்கேள்விக்கு தில்லி நேரடியாக விடையளித்ததில்லை.

ஷியா பிரிவின் கிளையான ஜைதிகளின் இமாம் ஆட்சி வடக்கு யேமனில் 1962-ல் முடிவுக்கு வந்தது. பின்னர் புறக்கணிக்கப்பட்டதாகக் கருதிய சாதா பகுதி ஜைதிகளிடையே உருவான ஹூதி இயக்கம், 2004-ல் அதிபர் அலி அப்துல்லா சலேயின் அரசுடன் மோதியது. சலேயும் ஜைதியே. எனவே, இதை வெறும் ஷியா - சன்னி மோதலாகக் கருத இயலாது. 2014 செப்டம்பரில் தலைநகர் சனா ஹூதிகள் வசமானது. 2015 மார்ச்சில் சவூதி அரேபியா தலைமையிலான கூட்டணி தாக்குதல் தொடங்கியும் அவர்களை அகற்ற முடியவில்லை.

அப்போது "ஆபரேஷன் ராஹத்' மூலம் 4,640 இந்தியர்களை மத்திய அரசு மீட்டது. சனாவில் இருந்த தூதரகமும் மூடப்பட்டது. சர்வதேச அங்கீகாரம் பெற்ற, ஏடனை மையமாகக் கொண்ட அரசுடன் மட்டுமே உறவு என்பது இந்தியாவின் நிலை.

அதன் விலை, சனா சிறையில் உள்ள கேரளச் செவிலியரின் வழக்கில் வெளிப்பட்டது. கொலை வழக்கில் அவருக்கு 2020-ல் விதிக்கப்பட்ட மரண தண்டனை 2023-ல் உறுதியானது. வழக்கு ஹூதிகளின் கட்டுப்பாட்டில் உள்ளது என்றும், அங்கீகரிக்கப்பட்ட அரசின் தலைவர் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்றும் தில்லியிலுள்ள யேமன் தூதரகம் 2025 ஜனவரியில் விளக்கியது. அதாவது, நாம் அங்கீகரித்த அரசிடம் சிறையின் சாவி இல்லை.

2019 முதல் 2024 வரை வெளியுறவுத் துறை இணை அமைச்சராக இருந்த வி. முரளீதரன் கேரளத்தவர், 2016-ல் கழக்கூட்டம் பேரவைத் தொகுதியில் போட்டியிட்டவர். தண்டனை விதிக்கப்பட்டதும் உறுதியானதும் அவரது பதவிக்காலத்தில்தான். ஆகவே, சிக்கல் தனிநபரின் அக்கறையில் இல்லை, கொள்கையில் உள்ளது.

2025 ஜூலை 16-ல் நிறைவேற்றப்படவிருந்த தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. அதற்கு இரு நாள்கள் முன்பு, அரசால் ஓரளவுக்கு மேல் செல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் தெரிவித்திருந்தார்.

செங்கடலில் 2023 நவம்பர் முதல் ஹூதிகள் நடத்திய தாக்குதல்கள் இந்திய மாலுமிகளின் உயிருக்கும் ஆபத்தாயின.

வெளிப்படையாகப் பேசினால் ரியாத்தும் வாஷிங்டனும் அதிருப்தி அடையலாம் என்ற தயக்கம் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆனால், 2023 ஏப்ரலில் சவூதி தூதுக்குழுவே சனா சென்று பேசியது. தலிபான்களை அங்கீகரிக்காமலேயே 2022 ஜூனில் காபூலுக்குத் தொழில்நுட்பக் குழுவை அனுப்பியது இந்தியா. பேசுவது அங்கீகரிப்பதாகாது. காபூலுக்குத் திறந்த வழியை சனாவுக்கு மட்டும் அடைத்து வைப்பதற்கான காரணத்தை நாடாளுமன்றத்தில் அரசு விளக்க வேண்டும்.