நதியைக் காணோம்

பிரான்ஸ் தேசத்துக் கிராமப்புறத்தை நதி வழியாகப் பார்த்து வரலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன். பாரிஸில் கப்பலேறி, ஸீன் நதியோடு கடல் முகம் வரையில் போய்த் திரும்புவது. ஏழு நாள் பிரயாணம். இரண்டு நாவல்களின் ராயல்டியை இதற்காகச் சேர்த்து வைத்திருந்தேன். தமிழில் நாவலுக்கு என்ன ராயல்டி வரும் என்று தெரிந்தவர்கள், "மிச்சப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கக்கூடும். மனைவியின் சீட்டுப் பணம் என்று இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கப்பலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை மெத்தென்று இருந்தது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது. சைவச் சாப்பாடு கேட்டபோது முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் இருந்தது, நதியை மட்டும் காணோம்.

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "பின்னே கப்பல் எதிலே ஐயா மிதந்தது?" என்கிறார்கள். மிதந்தது வாஸ்தவம். ஆனால் எப்போது ஓடிற்று? நான் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வைத்தேன். ஏழு நாளில், பகல் வெளிச்சத்தில் கப்பல் ஓடிய நேரம் 11 மணி. நாங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் 19 மணி. மற்றபடி கப்பல் ஓடியதெல்லாம் இரவில். அல்லது நாங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்தபோது. பொழுது விடிந்து பார்த்தால் ஏதாவது ஓர் ஊர்க் கரையில் கட்டிக் கிடக்கும். கரையில் பஸ் நிற்கும். பஸ்ஸில் ஏறினால் நெடுஞ்சாலை. பிரான்ஸ் தேசத்து நெடுஞ்சாலையும் நெடுஞ்சாலைதான். இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு, முன்னால் ஒரு லாரி.

பெரிய நதிக் கப்பல்களில் பெரும்பாலானவற்றின் நடைமுறை இதுதான். இரவில் ஓடுவது, பகலில் ஊர் காட்டுவது. ஆகவே என்னை ஏற்றிச் சென்ற கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரு கடைக்காரன் கலப்படம் செய்தால் அவன் பெயரைச் சொல்லலாம். கடைவீதி முழுவதும் ஒரே சரக்கு என்றால், வாங்குகிறவர்களிடந்தான் பேச வேண்டும்.

ஸீன் நதிக்கு அவசரம் என்பது கிடையாது. பாரிஸ் நகரமே கடல் மட்டத்துக்குச் சுமார் 25 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த இருபத்தைந்து மீட்டரையும் ஒரேயடியாக இறங்கிவிட மனமில்லாதது போல நதி வளைந்து வளைந்து போகிறது. பாரிஸிலிருந்து ரூவான் நகரத்துக்குச் சாலை வழியே 130 கிலோமீட்டர் சுமார்; நதி வழியே ஏறக்குறைய 240. ஒவ்வொரு வளைவிலும் வெளிக் கரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. உள் கரையில் தாழ்ந்த புல்வெளி, மாடுகள், ஆப்பிள் மரங்கள். அடுத்த வளைவில் பாறை இந்தப் பக்கம் வந்துவிடும். மாடுகள் அந்தப் பக்கம் போய்விடும். நதியின் மேல் பகலில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இது தெரியும். பஸ்ஸில் போகிறவனுக்கு அந்த 110 கிலோமீட்டர் வளைவு மிச்சம், அதாவது நஷ்டம்.

முதல் இரவே கான்ஃப்ளான் என்ற ஊரைக் கடந்தோம். நான் பார்க்க ஆசைப்பட்டு வந்த ஊர்களில் அது ஒன்று. வாஸ் நதி ஸீனில் கலக்கும் இடம். பெயருக்கே சங்கமம் என்று அர்த்தம். சரக்குப் படகுக்காரர்களின் தலைநகரம் என்று அதைச் சொல்வார்கள். அவர்களுடைய தொழிலுக்கென்று அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது. ஒரு பழைய கான்கிரீட் படகையே தேவாலயமாக்கிக் கரையோரம் கட்டி வைத்திருக்கிறார்கள். 1879-ல் ஃபிரெய்ஸினே என்ற மந்திரி, கால்வாய்களில் உள்ள நீர்ப்பூட்டுகளுக்கெல்லாம் ஒரே அளவு விதித்தார். நீளம் 39 மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதற்குள் நுழையும்படி படகு கட்டினார்கள். அந்தப் படகின் பின் மூலையில், சின்ன அறைகளுக்குள் அடங்கும்படி குடும்பங்கள் வாழ்ந்தன. புதுப் பெண்டாட்டி ஒருத்தி அப்படிப்பட்ட படகில் வந்து குடித்தனம் வைத்து மூச்சுத் திணறும் கதையை, ழான் விகோ 1934-ல் 'லாட்டலாந்த்' என்று படம் எடுத்தார். இந்த உலகத்தைத்தான் நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டு தாண்டினோம்.

மறுநாள் கிளாட் மோனே என்ற ஓவியர் வாழ்ந்த ழிவர்னி கிராமம். 1883 முதல் 1926-ல் சாகிற வரையில் அவர் அங்கே இருந்தார். அல்லிக் குளத்தைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும். நாம் நடக்க வேண்டியதில்லை. 1893-ல் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பி அவர் குளம் வெட்டப் போனபோது, ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளிதேசத்துச் செடிகளால் தண்ணீர் கெட்டுவிடும், அதைக் குடிக்கிற மாடுகளுக்கு என்ன ஆகுமோ என்று அவர்களுக்குப் பயம். கிராமம் என்றால் இதுதானே! மாடு, தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரன் மேல் சந்தேகம். எங்கள் வழிகாட்டி அல்லிப் பூவின் நிறங்களைப் பற்றி நிறையச் சொன்னாள். மாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'கிராமப்புறம்' என்று சீட்டில் அச்சடித்திருந்தது.

ஆனால் முழுப் பழியையும் கம்பெனியின் தலையில் போடுவது நியாயமில்லை. அன்று பிற்பகல் வெர்னானிலிருந்து லெஸ் ஆந்தெலி வரையில் கப்பல் பகலிலேயே ஓடியது. வெயிலும் இருந்தது. பாறையின் உச்சியில் ஷாட்டோ கையார் கோட்டை ஒரு வளைவு திரும்பியதும் தெரிகிறது. அடுத்த வளைவில் மறைந்து, மறுபடி பெரிதாக வருகிறது. 1196 முதல் 1198 வரையில் இங்கிலாந்து ராஜா ரிச்சர்டு கட்டிய கோட்டை. 1204-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அந்த முற்றுகையின்போது கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த ஊர் ஜனங்களை, தானியம் போதாதென்று தளபதி வெளியே விரட்டினான். முற்றுகையிட்டவர்களும் வழி விடவில்லை. மலைச் சரிவில், பனிக் காலத்தில், இரண்டு சேனைகளுக்கும் நடுவில் கிடந்து பலர் பட்டினியால் செத்தார்கள். அந்தச் சரிவை நதியிலிருந்துதான் முழுக்கப் பார்க்க முடிகிறது. மேல்தளத்தில் அப்போது நின்றவர்கள் நாலு பேர். மற்றவர்கள் கீழே கூடத்தில் பாற்கட்டி தின்னும் முறையைப் பற்றி ஒரு சமையற்காரர் செய்த பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே ராச்சாப்பாட்டு வேளையில் ஒரு வேடிக்கை. பாரிஸிலிருந்து ரூவான் வரை ஆறு நீர்ப்பூட்டுகள். கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழையும். பின் கதவு மூடும். தண்ணீரை வடிய விடுவார்கள். கப்பல் இறங்கியதும் முன் கதவு திறக்கும். ஆறாவதான ஆம்ஃபிரெவில் பூட்டுக்குள் நுழைந்தோம். அதற்குக் கீழே நதிக்கு வேறு பூட்டு இல்லை. அங்கிருந்து கடலின் ஏற்ற வற்றம் தொடங்குகிறது. நதி கடலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இடம் என்று சொல்லலாம். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல்களில் ஈரச் சுவர் மெல்ல மெல்ல உயர்ந்து வந்து வெளிச்சத்தை மறைத்தது. பக்கத்து மேஜை அம்மாள் சிப்பந்தியைக் கூப்பிட்டு, "விளக்கைப் போடுங்கள்" என்றாள். அவன் போட்டான்.

நான் சூப்பை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடினேன். எங்களுக்குப் பின்னால் அதே தொட்டியில் ஒரு சரக்குப் படகு. கூரையில் ஒரு கார்; கொடியில் துவைத்த துணி; ஜன்னலில் பூந்தொட்டி. ஒரு பெண்பிள்ளை கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கப்பல் இறங்க இறங்கத் தளர்த்தி விட்டுக்கொண்டிருந்தாள். கையில் தடித்த உறை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். அந்த ஏழு நாளில் அந்த நதியில் பிழைக்கிற ஒருத்தியை நேருக்கு நேர் பார்த்தது அப்போது மட்டுந்தான். திரும்பி வந்தபோது சூப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ரூவானிலிருந்து பஸ்ஸில் 1944-ஆம் வருஷத்துப் படையிறக்கம் நடந்த கடற்கரைகளுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் கல்லறைகளைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு நதிக் கப்பல் எதற்கு? பாரிஸிலிருந்து ரயில் இருக்கிறதே! அன்று மேல்தளத்தில் ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருந்தாள். கானடாக்காரி. முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. "நடக்க முடியாதவர்களுக்கு நதிப் பிரயாணம் ரொம்பச் சௌகரியம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தவள். ஐந்து நாளாக, கட்டிக் கிடக்கிற கப்பலில் உட்கார்ந்து, ஒரு துறைமுகச் சுவரையும் ஒரு சைக்கிள் கம்பத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கப்பலில் நதியை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் என்று பார்த்தால் அவள்தான் முதல் ஆள். அவளுக்குத்தான் நதி கிடைக்கவே இல்லை. எனக்கு வந்த கோபமெல்லாம் அவளைப் பார்த்த பிறகு வந்ததுதான்.

ரூவானுக்குச் சற்றுக் கீழே குருவாஸே. ஃபிளாபேர் 'மதாம் போவாரி' எழுதிய இடம். நதியைப் பார்த்த வீடு. அவர் 1880-ல் இறந்த பிறகு இடித்துவிட்டுச் சாராய ஆலை கட்டினார்கள். தோட்டத்துச் சின்ன மண்டபம் ஒன்றுதான் மிச்சம். அதையும் இருட்டில் கடந்தோம்.

இனி வில்லெக்கியே. 'ஏழை படும் பாடு' வாசித்து அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தக் கதையை எழுதிய விக்டர் ஹ்யூகோவின் மூத்த மகள் லெயோபோல்தீன் முழுகிச் செத்த கிராமம் அது. 1843 பிப்ரவரியில் கல்யாணம்; செப்டம்பர் 4-ஆம் தேதி, காற்றில் படகு கவிழ்ந்தது. அவளுக்கு வயது பத்தொன்பது. புருஷனும் கூடவே போனான். இருவரையும் ஒரே பெட்டியில் புதைத்தார்கள். தகப்பனார் அப்போது ஊரில் இல்லை. ஐந்து நாள் கழித்து ரோஷ்ஃபோரில் ஒரு காப்பிக் கடையில் பத்திரிகையைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்று அவருடைய சிலை அங்கே நதியைப் பார்த்து நிற்கிறது.

வில்லெக்கியேவை எப்போது கடப்போம் என்று விசாரித்தேன். "இரவு இரண்டரை மணிக்கு" என்றார்கள். பகலில் போகக் கூடாதா என்று கேட்டதற்கு, கப்பல் அதிகாரி ஒருவர் மரியாதையாகவே பதில் சொன்னார். ரூவானுக்குக் கீழே ஏற்ற வற்றத்தைப் பார்த்துத்தான் கப்பலை விட வேண்டுமாம். நியாயமான காரணந்தான். ஆனால் ஏற்றம் இரவில் மட்டும் வருவதில்லையே; ஒரு நாளைக்கு இரண்டு தடவை வருகிறது. பகலில் வருகிற ஏற்றத்தின்போது எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மிஞ்சுவது ராத்திரி ஏற்றந்தான்.

இரண்டு மணிக்கு எழுந்து மேலே போனேன். சாய்வு நாற்காலிகளை மடக்கிச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். குளிர். சற்று நேரத்தில் மனைவியும் சால்வையோடு வந்தாள். "இதுதானாங்க?" என்றாள். கரையில் ஏழெட்டு மஞ்சள் விளக்குகள். ஒரு கோபுரம் போல ஏதோ கறுப்பாக. சிலை தெரியவில்லை. தண்ணீர் கூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. "அந்தப் பொண்ணுக்கு நீச்சல் தெரியாதா?" என்று அவள் கேட்டாள். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

"ஓய்வுக்குப் போகிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நிற்பானா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தூங்குகிறவர்கள் தூங்கட்டும். பகலில் ஓடுகிற கப்பலில் இன்னும் நன்றாகத் தூங்கலாம். நான் கேட்பது பெரிய சலுகையும் அல்ல. ஒரு ஊரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நதியில் போங்கள். தெற்கே தூலூஸிலிருந்து போகிற மிதி கால்வாயில் இப்படித்தான் நடக்கிறது. 1681-ல் முடிந்த கால்வாய். 240 கிலோமீட்டர் நீளம். அங்கே மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் படகை விடக் கூடாது என்று சட்டம். பூட்டில் படகு நின்றால் இறங்கிக் கரையோடு நடந்து, அடுத்த பூட்டில் ஏறிக்கொள்ளலாம். எனக்கு இதெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. வாசகர்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பகலில் எத்தனை மணி நேரம் ஓடும்? பதில் வரத் தாமதமானால் விஷயம் விளங்கிவிடும்.

கடைசி நாள் ஒரு காகிதம் கொடுத்தார்கள். படுக்கை எப்படி, சோப்பு எப்படி, சூப் எப்படி, வழிகாட்டி எப்படி என்று முப்பது கேள்விகள். நதி எப்படி என்று கேள்வி இல்லை. 'வேறு ஏதாவது' என்று கீழே இரண்டு அங்குலம் இடம் விட்டிருந்தார்கள். "வில்லெக்கியேவைப் பகலில் கடக்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். ஊர் வந்து சேர்ந்த மூன்றாவது வாரம் பதில் வந்தது. என் மேலான யோசனைக்கு மிகுந்த நன்றி. அடுத்த பிரயாணத்தில் எனக்குக் கட்டணத்தில் பத்து சதவிகிதம் தள்ளுபடி.