தவளைக்குத் தொட்டி எதற்கு?

பத்மநாபபுரம் புத்தனாற்றுப் பாசன வயல்களில் இடவப்பாதி மழை விழுந்ததும் மஞ்சளாக நிறம் மாறிக் கத்துவது பெருந்தவளையின் ஆண். இதைத் தொட்டியில் வளர்த்துக் காசாக்கலாமே என்று கேட்கும் உழவர்கள் உண்டு. கட்டுப்படியாகாது. இதன் தலைப்பிரட்டைகள் ஒன்றையொன்று தின்னும். வளர்ந்த தவளையோ அசையாத தீனியை எளிதில் தொடாது. தினமும் உயிருள்ள பூச்சி பிடித்துப் போட யாருக்குக் கை ஒழியும்? தவளைக்கால் ஏற்றுமதியும் 1987-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. அதுவரை கப்பலேறியவை பெரும்பாலும் வயலில் பிடித்தவையே. அந்த வயல்களுக்குத்தான் நட்டம். கன்னிப்பூப் பயிரில் பூச்சியோடு நண்டையும் சுண்டெலியையும்கூட விழுங்கும் காவலாள் இது. மருந்தடித்த வயல் நீரைத் தலைப்பிரட்டை நெளியும் ஓடையில் வடிக்காமலும், குளத்தங்கரைப் புதரை அடியோடு வெட்டாமலும் இருந்தால் தீனிச் செலவின்றி வயலிலேயே பெருகும்.