உம்மாமாருக்குச் சட்டம் தெரிய வேண்டும்

விசேட தேவையுடைய பிள்ளையைப் பெற்ற தாயிடம் நாம் சொல்வதெல்லாம், "ஸப்ர் செய்யுங்கள்" என்பதுதான். நல்ல வார்த்தை. ஆனால் அந்தப் பிள்ளையைச் சேர்க்க ஒரு பாடசாலை மறுத்தால் என்ன பேசுவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

எங்கள் ஊரில் காது கேளாத ஒரு சிறுமியின் உம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. "இடமில்லை" என்றார்கள்; பேசாமல் திரும்பி வந்தார். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இது தெரிந்திருந்தால், "எழுத்தில் தாருங்கள்" என்று கேட்டிருப்பார்.

ஆகவே பெற்றோருக்குப் பயிற்சி வேண்டும். சட்டத்தை அறியவும், முறைப்பாடு எழுதவும், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துப் பேசவும் அவர்கள் பழக வேண்டும். ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் அயலவரும் கூடவே பழக வேண்டும். தனியாக வரும் தாயை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடலாம். ஊரோடு வருபவரை அப்படி அனுப்ப முடியாது.

பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர். பரிதாபப்பட்டு ஓரத்தில் உட்கார வைக்காமல் பொறுப்புக் கொடுத்த சமூகம் அது. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குவோமா?