சொன்னாலும் இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை!

தோழா!

நள்ளிரவு வேளையிலே மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வாயிலில் நின்று பார்த்திருக்கிறாயா? ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். வாழ்நாளில் திருச்சியையும் மதுரையையும் தாண்டி அறியாத தாயும் தந்தையும், கயிறு சுற்றிய பெட்டிகளோடு, கலங்கிய கண்களோடு நின்றுகொண்டிருப்பார்கள். பெட்டிக்குள்ளே பருப்புப் பொடி, வற்றல், பேறுகால மருந்து. மகளுக்குப் பிள்ளைப்பேறு, செல்லுமிடம் நியூஜெர்சியோ டெக்சாசோ! தாயின் கைப்பையிலே கடவுச்சீட்டு. அதை ஒட்டினாற்போல் மாத்திரைப் பெட்டி. காலையில் ஒன்று சர்க்கரைக்கு, இரவில் ஒன்று இரத்தக் கொதிப்புக்கு. மூன்றாவதாக ஒரு காகிதமும் அந்தப் பையிலே இருக்கும். அதுதான் பயணக் காப்பீட்டுப் பத்திரம். "அங்கே உடம்புக்கு ஏதும் வந்தால் இது பார்த்துக்கொள்ளும், அம்மா" என்று மகன் பணம் கட்டி வாங்கித் தந்தது.

பார்த்துக்கொள்ளுமா? அந்தப் பத்திரத்தின் உள்ளே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்திலே அச்சாகியிருப்பதைப் படித்துப் பார். முன்பே இருந்த நோய்க்கும், அந்த நோயால் விளையும் கேட்டுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற பொருள்பட ஒரு வரி இருக்கும். சில பத்திரங்களிலே, உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் ஒரு வரம்புக்குள் தருவோம் என்று சலுகை இருக்கும். அந்த அம்மையாருக்கு அறுபது வயதிலே வரக்கூடியது என்ன? சர்க்கரையால் வரும் கேடு, கொதிப்பால் வரும் கேடு. அவை நீக்கப்பட்டன! மிஞ்சி நிற்பது என்ன? வழுக்கி விழுந்தால் கால் முறிவு, காணாமற்போன பெட்டி! நோயுள்ளவரிடம் நோய்க்கென்று பணம் வாங்கிக்கொண்டு, நோயை மட்டும் கழித்துவிட்டுப் பத்திரம் எழுதித் தருகிற இந்தச் சாமர்த்தியத்தை என்னென்பது!

"நோயை மறைத்து வாங்கியிருப்பார்கள், மாட்டிக்கொண்டார்கள், இதிலே நிறுவனத்தின் குற்றம் என்ன?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ஒரு வழக்கை எடுத்து வைக்கிறேன். கற்பனையன்று, உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஏட்டிலே ஏறிய வழக்கு.

2009ஆம் ஆண்டு மே திங்கள். உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா புறப்பட்டார் ஒருவர். வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு கேட்டார். மருத்துவப் பரிசோதனை நடந்தது. நீரிழிவு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை, படிவத்திலேயே பதிவாயிற்று. எல்லாம் பார்த்த பிறகே நிறுவனம் பணத்தை வாங்கிற்று, பத்திரத்தையும் வழங்கிற்று. அவர் விமானம் ஏறினார். சான்பிரான்சிஸ்கோ நிலையத்திலே இறங்கினார். இறங்கிய இடத்திலேயே உடல் தளர்ந்தது, வியர்த்துக் கொட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். இதயக் குழாயிலே அடைப்பு! மூன்று ஸ்டென்டுகள் வைத்து உயிரைக் காத்தார்கள்.

உயிர் பிழைத்தவர் பத்திரத்தை நீட்டினார். நிறுவனம் என்ன சொல்லிற்று தெரியுமா? "உமக்கு நீரிழிவு இருந்தது, இரத்தத்திலே கொழுப்பும் இருந்தது, ஆகவே இது முன்னிருந்த நோயின் விளைவு, பணம் இல்லை!" மேலும் ஒரு குற்றச்சாட்டு: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உட்கொண்டதை நீர் சொல்லவில்லை!

நீரிழிவு உண்டென்று சொன்னாரே! சொன்னார். சொன்ன பிறகுதானே பத்திரம் தந்தீர்? தந்தோம். தந்தபோது தெரியாதா, நீரிழிவுக்காரருக்கு இதயநோய் வரக்கூடும் என்று? தெரியும். தெரிந்தும் ஏன் பணம் வாங்கினீர்? அதற்குத்தான் விடையில்லை, தோழா!

அவர் தேசிய நுகர்வோர் ஆணையத்திடம் சென்றார். அங்கே அவருடைய முறையீடு தள்ளுபடி ஆயிற்று. உச்ச நீதிமன்றத்தின் படி ஏறினார். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உடல்நிலையை அறிந்து, அளந்து பார்த்துப் பத்திரம் கொடுத்தபின், விண்ணப்பத்திலேயே சொல்லப்பட்டிருந்த அதே நோயைக் காட்டிப் பணம் மறுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் கூறிற்று. மறுப்பு செல்லாது, பணத்தைக் கொடு என்றும் கட்டளையிட்டது.

நீதி வென்றது என்று கை தட்டலாம். தட்டும் முன்னர் ஆண்டுகளை எண்ணிப் பார். 2009இல் மறுத்த பணம், 2021இல் தீர்ப்பு. பன்னிரண்டு ஆண்டுகள்! இதயத்திலே மூன்று ஸ்டென்டுகளோடு ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார். மகளின் பேறுகாலத்துக்குப் போய்வரும் நம் வீட்டுத் தாய் வழக்காடுவாளா? மகன் கடன்பட்டு மருத்துவமனைக்குக் கட்டுவான். தாய், "என்னால் பிள்ளைக்கு இந்த இடர் வந்ததே" என்று அழுதுகொண்டே ஊர் திரும்புவாள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலே அது 'மறுக்கப்பட்ட கோரிக்கை' என்ற ஓர் எண்.

அந்த நிறுவனம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு உறுத்தினாலும் சொல்லத்தான் வேண்டும். கொள்ளை இலாபம் தேடிக் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரக் கம்பெனியன்று. யுனைடெட் இந்தியா! பொதுத்துறை நிறுவனம். தலைமையகம் நமது சென்னையிலே! 1972இல் சட்டம் இயற்றி, 1973 சனவரி முதல் நாள் தொட்டு, நாட்டிலிருந்த 107 பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளை நான்கு நிறுவனங்களாக்கியபோது, அந்த நான்கிலே ஒன்று இது. தனியார் கையிலே இருந்தால் மக்களை ஏய்ப்பார்கள் என்று சொல்லித்தானே அன்று நாட்டுடைமை ஆக்கினார்கள்? நாமும் வரவேற்றோமே! இன்றும் அதை வரவேற்கிறவன்தான் நான். காப்பீட்டிலே அந்நிய முதலுக்கு முதலில் நூற்றுக்கு 26, 2015இல் 49, 2021இல் 74 என்று கதவை அகலத் திறந்துகொண்டே போனவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பொதுத்துறையைக் காப்போம் என்று முழங்குகிற நமக்கு ஒரு கடமை உண்டு. தனியாரின் தந்திரத்தைப் பொதுத்துறை கற்றுக்கொள்ளும்போது, நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று வாய்பொத்தி நிற்கலாகாது. வேலியே பயிரை மேய்ந்தால், வேலியையும் கேட்கத்தான் வேண்டும்.

இவர்கள் அடிக்கடி எடுத்து வீசும் சொல் ஒன்று உண்டு: 'உச்ச நன்னம்பிக்கை'. காப்பீடு கேட்பவர் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒளித்தால் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் பொருள். நல்ல கோட்பாடுதான். அது பிறந்த கதையை மட்டும் இவர்கள் சொல்வதில்லை. நான் சொல்கிறேன், கேள்.

சுமத்திரா தீவிலே, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை என்று ஒன்று இருந்தது. அதன் ஆளுநர், கோட்டையைப் பகைவர் பிடித்தால் இழப்பீடு வேண்டுமென்று இலண்டனிலே காப்பீடு செய்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பீடு கொடுத்தவர், "கோட்டை வலுவற்றது என்பதை மறைத்துவிட்டார்; பணம் தரமாட்டேன்" என்றார். 1766இல் மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தார். நன்னம்பிக்கைக் கோட்பாட்டை அவர் வகுத்துரைத்தது அந்த வழக்கிலேதான். வென்றது யார் தெரியுமா? காப்பீடு செய்த ஆளுநர்! அந்த நம்பிக்கை இரு தரப்புக்கும் உரியது, கேட்டறிய வேண்டியதைக் கேளாமல் பணம் வாங்கிக்கொண்டு பிறகு குறை சொல்லுதல் தகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நோயாளியை மடக்க இவர்கள் தூக்கும் வாளுக்கு மறுபுறமும் கூர் உண்டு என்பதை மறைத்துவிட்டார்களே!

கோட்பாட்டைப் பெற்றெடுத்த பிரிட்டன் என்ன செய்தது? 2012இல் சட்டம் இயற்றி, தனிமனிதர் தானாக எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கிற்று. நிறுவனம் கேட்க வேண்டும், கேட்டதற்கு மனிதர் பொறுப்போடு உண்மை சொல்ல வேண்டும், அவ்வளவே. 2021 ஏப்ரல் முதல் இன்னொரு விதி. கடும் நோயுள்ள ஒருவருக்குப் பயணக் காப்பீட்டை மறுத்தால், அத்தகையோருக்குக் காப்பீடு தரும் நிறுவனங்களின் பட்டியல் எங்கே கிடைக்கும் என்று சுட்டிக்காட்ட வேண்டும்! இல்லை என்று கதவை அடைப்பவனே, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அங்கும் முதலாளிகள்தாம் தொழில் நடத்துகிறார்கள், இலாபம் தேடுகிறார்கள். நோயாளிகள் அங்கே அதிகக் கட்டணம் கொடுத்துத் துன்பப்படுவதும் உண்டு. எனினும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

இங்கே? ஒழுங்காற்று ஆணையம் 2024இல் உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டுக்கு விதி செய்தது. முன்னிருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 48 மாதமாக இருந்ததை, 36 மாதத்துக்கு மேற்படக் கூடாது என்று குறைத்தது. பாராட்டுவோம்! பாராட்டிவிட்டு அடுத்த வரியைப் படித்தால், வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுக்கு இது பொருந்தாது என்றிருக்கிறது. பதினைந்து நாளோ ஆறு மாதமோ ஓடும் பத்திரத்துக்குக் காத்திருப்புக் காலம் பொருந்தாதுதான்; ஒப்புக்கொள்கிறேன். பொருந்தாது என்றால், பொருந்துகின்ற வேறு பாதுகாப்பை எழுத வேண்டாமா? உள்ளூரிலே நோயுற்றால் ஓரளவு சட்டம் துணைக்கு வரும். ஊரும் மொழியும் தெரியாத நாட்டிலே நோயுற்றால் நிறுவனத்தின் கருணையே துணையா?

"ஐயா, இது வாணிபம், அன்னசத்திரம் அன்று. எரிகிற வீட்டுக்கு யார் காப்பீடு தருவார்?" என்பார்கள். நாம் அன்னசத்திரமா கேட்டோம்? சர்க்கரைக்குக் கூடுதல் கட்டணம் என்றால் சொல். கட்டுகிறவன் கட்டட்டும், முடியாதவன் பயணத்தைத் தள்ளிவைக்கட்டும். தர இயலாதென்றால் அதையும் பணம் வாங்குமுன் முகத்துக்கு நேரே சொல்! வாங்கும்போது வாய்மூடி, கொடுக்கும்போது நோய்ச்சீட்டைக் கிளறுவதற்கா வாணிபம் என்று பெயர்?

எரிகிற வீடு என்கிறார்களே, எத்தனை வீடுகள்? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டிலே நீரிழிவுள்ளவர் 10.1 கோடி, இரத்தக் கொதிப்புள்ளவர் 31.5 கோடி! இவர்களைக் கழித்துவிட்டால் வயது முதிர்ந்த பயணிகளில் மிஞ்சுவோர் எத்தனை பேர்? தமிழ்நாட்டிலே 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு தேடிச் சென்று சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒழுங்காக மாத்திரை உண்பவர் நோயைக் கட்டிவைத்திருப்பவர். அவரால் நிறுவனத்துக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் அவர் உண்ட மாத்திரையையே சான்றாகக் காட்டி மறுக்கிறார்கள். சோதித்துக்கொள்ளாமல் திரிபவனுக்கோ நோய்ச்சீட்டே இல்லை! மருத்துவரிடம் போனவனைத் தண்டித்து, போகாதவனைத் தட்டிக்கொடுக்கும் நியாயம் இது.

வேண்டாமென்றால் வாங்காதே என்று சொல்லவும் இடமில்லை. ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போக ஷெங்கன் விசா வேண்டுமானால், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்குப் பார்வையாளராகச் செல்லக் கட்டாயமில்லை. அங்கே மருத்துவமனைக் கட்டணமே கட்டாயப்படுத்திவிடும். அந்நாட்டிலே விற்கிற பத்திரங்களில் ஒரு விந்தை உண்டு. பழைய நோய் 'திடீரென்று', முன்னறிகுறி இன்றித் தாக்கி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் பணம் உண்டு. முதல் நாளே நெஞ்சிலே சற்று வலித்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அறிகுறி இருந்தது என்பார்கள், பணம் இல்லை. நோய்க்கே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

நாம் கேட்பது பெரிதன்று. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுக்கென்று தனி விதி வேண்டும். இன்ன நோய்க்கு உண்டு, இன்னதற்கு இல்லை, உண்டென்றால் இவ்வளவு தொகை என்று பத்திரத்தின் முதல் பக்கத்திலே, தமிழிலே அச்சிட வேண்டும். நோயை அறிந்து பணம் வாங்கியபின் அதே நோயைக் காட்டி மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை விதியாகவே எழுத வேண்டும். ஒவ்வொருவரும் பன்னிரண்டு ஆண்டு வழக்காடித்தான் அதைப் பெற வேண்டுமா? பொதுத்துறை நிறுவனங்கள் இதிலே முன்னே நிற்க வேண்டும். நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் தோழர்கள் இதை எழுப்பட்டும்.

அதுவரை உன் வேலை ஒன்று இருக்கிறது. உன் தெருவிலே யாரேனும் பிள்ளையிடம் புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அவர்கள் வீட்டுக்குப் போ. விண்ணப்பத்தை மகனோ முகவரோ நிரப்பி முடித்துவிடாதபடி, அந்தத் தாயை அருகில் வைத்துக்கொண்டு நிரப்பு. எல்லா நோயையும் எழுது. எல்லா மாத்திரையையும் எழுது. 2009இல் அவர்கள் பிடித்துக்கொண்டது ஒரு மாத்திரையை அல்லவா? இந்த நோய்க்கு உண்டா இல்லையா என்று நிறுவனத்திடம் எழுத்திலே கேள். விடையையும் எழுத்திலே வாங்கு. படிவத்தின் நகல் ஒன்று ஊரிலே இருக்கட்டும். மறுத்துவிட்டார்களா? முதலில் நிறுவனத்துக்கே எழுது. ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை ஒவ்வாவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் முறையிட்டாக வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த நாளைப் படிவ நகலின் மேலேயே குறித்து வை.