கையொப்பமிட்டுக் கெட்ட காவலன்

கஸ்தீலியா நாட்டை 1454ஆம் ஆண்டு தொடக்கம் 1474ஆம் ஆண்டு வரை ஆண்ட நான்காம் என்றிக்கே மன்னனுக்குச் சரித்திரம் சூட்டிய பட்டம் ‘ஆண்மையற்றவன்’ என்பது. ஐந்து நூற்றாண்டுகளாக இப்பட்டம் நின்று நிலவுகின்றது. அவன் அரசு ஏன் சீர்குலைந்தது என்று கேட்டால், அவன் அப்படிப்பட்டவன் என்று கண்சிமிட்டி விடையிறுத்துவிட்டு, அடுத்த பக்கத்திலே இசபெல்லா அரசியின் புகழ்பாடப் புகுவது எழுத்தாளர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நாம் இதனை ஒப்பமாட்டோம். அவன் நிரபராதி என்பதற்காக அன்று. அவன் செய்த குற்றம் பெரிது. அவன்மீது சாட்டப்பட்ட குற்றமோ சிறிது, அதுவும் மெய்ப்பிக்கப்படாதது. பிழையான குற்றப்பத்திரத்தின்மேல் ஒருவனைத் தண்டித்தால், மெய்யான குற்றம் விசாரணையின்றியே தப்பிவிடும் என்பதை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவோர் அறிவர்.

பள்ளியறை வழக்கு

முதலில் அந்தச் சிறிய குற்றத்தை எடுத்துக்கொள்வோம். 1440ஆம் ஆண்டு, பதினைந்து வயதுப் பாலகனாயிருந்த இளவரசன் என்றிக்கேக்கு நவார் நாட்டு இளவரசி பிளாங்காவை மணமுடித்தனர். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தும் அது பெயரளவிலான மணமாகவே இருந்தமையால், 1453இல் திருச்சபை அதனைச் செல்லாததென்று தீர்த்தது. தீர்ப்புக்குக் காட்டிய காரணம் வேடிக்கையானது. இவ்விருவருக்கிடையே மாத்திரம் யாரோ சூனியம் செய்துவிட்டனராம்! இளவரசன் ஏனைய மாதரிடத்துக் குறையற்றவனே என்று செகோவியா நகரப் பெண்கள் சாட்சியமளித்ததையும் அவ்வழக்கின் ஏடுகள் கூறுகின்றன. அச்சாட்சியத்தை நம்புவதா என்பது வேறு கேள்வி. ஆனால் ‘ஆண்மையற்றவன்’ என்று எக்காளமிடுவோர் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டும் வழக்கேட்டிலேயே அதற்கு மாறான தீர்மானமும் இருக்கின்றது என்பதை மறைக்கலாகாது.

1455இல் அவன் போர்த்துக்கல் மன்னனின் சகோதரி யுவானாவை மணந்தான். 1462ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கும் யுவானா என்றே பெயர். அவ்வாண்டு மே மாதத்தில், கோர்த்தெஸ் எனப்படும் பிரதிநிதிகள் சபை மட்றிட்டில் கூடி, அவளே முடிக்குரியவள் என்று சத்தியம் செய்தது. மன்னனின் மாற்றாந்தாய் மக்களான அல்பொன்சோவும் இசபெல்லாவுங்கூடச் சத்தியம் செய்தனர். அரண்மனையில் அதிகாரம் செலுத்திய வில்லேனாப் பிரபு யுவான் பச்சேக்கோவும் செய்தான். ஆனால், அச்சத்தினாலேயே இச்சத்தியத்தைச் செய்கிறேன் என்று ஒரு நொத்தாரிசு முன்னிலையில் மறைவாக எழுதி வைத்துக்கொண்டும் செய்தான்! பிற்காலத்தில் அக்குழந்தையை அரசவை வீரன் பெல்திரான் தெ லா குவேவாவின் மகள் என்று ஏசி, அவன் பெயரையே அவளுக்கு இழிபெயராகச் சூட்டியதன் வித்து இத்தகையோரின் பெட்டகங்களில் அன்றே இருந்தது.

சட்டம் என்ன சொல்லும்? திருமணம் நிலைத்திருக்கும் காலத்திற் பிறந்த பிள்ளைக்குக் கணவனே தந்தை. உரோமச் சட்டம் வகுத்த இவ்விதி நம்முடைய நீதிமன்றங்களிலும் பழகியதே. அதனை மறுப்பவனே மெய்ப்பிக்க வேண்டும். மறுத்தவர்கள் வதந்தியையன்றி வேறொன்றையும் கொண்டுவரவில்லை. 1946ஆம் ஆண்டு குவாதலூப்பே மடாலயத்தில் மன்னனின் கல்லறையைத் திறந்து, மருத்துவ மேதை கிரெகோரியோ மறன்யோன் முதலியோர் உடலைப் பார்வையிட்டனர். எலும்புகள் இவ்வழக்கிற் சாட்சி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை என்பதே நம் கட்சி. முடியைக் காக்க வேண்டியவன் கையிலே பேனாவிருந்தது; அப்பேனா செய்ததையே நாம் விசாரிக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்த வரலாறு

பச்சேக்கோ இளவரசனுக்கு இளமை முதற்கொண்டே துணைவன். என்றிக்கேயின் கையால் ஊரும் கோட்டையும் பட்டமும் பெற்று வளர்ந்தவன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் கலையில் அவனுக்கு நிகரானவர் அக்காலத்து ஐரோப்பாவில் அரியர். கலகத்தை மூட்டுவான், பின் மன்னனிடம் சென்று கலகத்தை அடக்க வழி கூறுவான், அவ்வழியில் ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஏதோ ஒரு பட்டமோ பட்டணமோ கிடைக்கும்.

1464ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பிரபுக்கள் பூர்கோஸ் நகரிற் கூடி மன்னன்மீது ஒரு குற்றச்சாட்டுப் பத்திரம் வெளியிட்டனர். யுவானா மன்னனின் மகளல்லள் என்பதும் அதில் ஒன்று. மன்னனுக்கு முன்னாளில் ஆசானாயிருந்த குவெங்கா மேற்றிராணியார் லோப்பே தெ பாரியெந்தோஸ், போர் தொடுத்து இவர்களை அடக்குக என்று அறிவுரை கூறினார். களத்தில் இறங்க வேண்டாதவர்கள் பிறர் உயிரைத் தாராளமாகச் செலவிடுவர் என்று மன்னன் கடிந்துரைத்தான். அப்படியாயின் ஸ்பெயின் கண்ட மன்னர்களுள் மிகத் தகுதியற்றவன் என்று உன்னை உலகம் சொல்லும் என்று முதியவர் கூறிப் போந்ததாக, மன்னனின் கட்சியைச் சேர்ந்த சரித்திரகாரரே எழுதி வைத்துள்ளார்.

மன்னனின் விடையை நாம் எள்ளி நகையாடவில்லை. இரத்தம் சிந்த அஞ்சுவது இழிவன்று. ஆனால் அவன் செய்தது என்ன? தன் மகளுக்குச் செய்யப்பட்ட சத்தியம் இரண்டாண்டு கூட நிரம்பிச் சில மாதங்களே ஆகியிருக்க, அல்பொன்சோவை முடிக்குரியவனாக ஏற்றான். அல்பொன்சோ யுவானாவை மணப்பான் என்பது நிபந்தனை. அதுமட்டுமா? அச்சிறுவனைப் பச்சேக்கோவின் கையிலேயே ஒப்படைத்தான். தன்னை எதிர்ப்போரிடம் தனக்கு மாற்றான மன்னனையும் தானே கொடுத்த கொடையாளி வேறு யாரேனும் உண்டோ?

பயன் ஓராண்டுக்குள் விளைந்தது. 1465ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, ஆவிலா நகரின் மதிலுக்கு வெளியே ஒரு மேடை கட்டினர். அதன்மேல் ஓர் ஆசனமிட்டு, மன்னனைப் போன்ற பொம்மைக்குத் துக்க உடை உடுத்து, முடியும் வாளும் கோலும் அணிவித்து இருத்தினர். குற்றங்களை வாசித்தனர். தொலேதோ அதிமேற்றிராணியார் அல்பொன்சோ கரில்லோ முடியைக் கழற்றினார். பிளாசென்சியாப் பிரபு வாளைப் பறித்தான். பெனவெந்தேப் பிரபு கோலைப் பிடுங்கினான். இன்னொருவன் பொம்மையை வசைமொழி கூறி உதைத்துக் கீழே தள்ளினான். பின்னர், பதினொரு வயதுச் சிறுவன் அல்பொன்சோவை அதே ஆசனத்தில் ஏற்றி மன்னனென்று வாழ்த்தினர்.

மக்கள் இதற்கு என்ன செய்தனர்? இதனைச் சரித்திர நூல்கள் ஓரிரு வரியிலே தள்ளிவிடுகின்றன. நமக்கோ இதுவே முக்கியம். சிமங்காஸ் என்னும் சிற்றூரைக் கலகக்காரர் முற்றுகையிட்டபோது, உள்ளேயிருந்த ஏவலிளைஞர்கள் தாமும் ஒரு பொம்மை செய்தனர். அது அதிமேற்றிராணியாரின் பொம்மை. பண்டை நாளில் நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகக் கூறப்படும் ஓப்பாஸ் என்பவனின் பெயரை அதற்கிட்டு, முறைப்படி விசாரணை நடத்தித் தீர்ப்பும் வாசித்து, முற்றுகையிட்டோரின் கண்முன்னே தீயிலிட்டனர். நாடெங்குமிருந்து மன்னனின் கொடிக்கீழ்ப் பெரும்படை திரண்டது. ஆவிலாவில் நடந்த கூத்து மன்னனை எவ்வளவு இழிவுபடுத்திற்றோ, அவ்வளவுக்கு மக்களை அவன் பக்கம் சேர்த்தது.

அப்படையை அவன் கலைத்துவிட்டான். பச்சேக்கோ பேச்சுவார்த்தைக்கு வந்தான், வாக்குறுதி கொடுத்தான், மன்னன் வீடு திரும்புங்கள் என்று வீரருக்குக் கட்டளையிட்டான். வாக்குறுதி நிறைவேறவில்லை. ஊர் ஊராகச் சென்று ஆட்களைத் திரட்டிய அநுபவம் நமக்குச் சிறிது உண்டு. கூப்பிட்டவுடன் வந்தவனை ஒன்றுமில்லை போ என்று திருப்பியனுப்பினால், அடுத்த முறை அவன் வாசற்படியைக்கூடத் தாண்டான். என்றிக்கேயின் பெரும் இழப்பு இந்த இடத்திலேயே நேர்ந்தது என்று துணிந்து கூறுவோம்.

அடுத்த ஆண்டு பச்சேக்கோவின் தம்பி பேதுரோ கிறோனுக்கு, பதினைந்து வயதுகூட நிரம்பாத தன் தங்கை இசபெல்லாவைக் கொடுக்கவும் மன்னன் இசைந்தான். மாப்பிள்ளை வழியிலேயே நோயுற்று இறந்தமையால் அப்பெண் தப்பினாள். 1467ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆந் திகதி ஒல்மேதோவிற் போர் மூண்டது. பெல்திரானைக் கொல்வதற்கு நாற்பது வீரர் சபதஞ்செய்திருக்கின்றனர் என்று எதிரிகளின் பக்கத்திலிருந்து சொல்லியனுப்பப்பட்டது. அவனோ தான் அணியப்போகும் கவசத்தின் அடையாளத்தைத் தூதனிடம் கூறியனுப்பினானாம்! இத்தகையோரின் மறத்தினால் மன்னன் படை களத்தில் நிலைத்தது. மன்னனோ தோல்வி என்ற வதந்தியை நம்பிக் களத்தைவிட்டு முன்னரே நீங்கியிருந்தான். சில வாரங்களில் அவன் உயிரென நேசித்த செகோவியா நகரைச் சிலர் காட்டிக்கொடுத்தனர். அவன் மீண்டும் பேச்சுவார்த்தைக்குப் போனான். இம்முறை பிணையாகக் கொடுத்தது தன் மனைவியை.

கல்லெருதுகளின் முன்னிலையில்

1468ஆம் ஆண்டு யூலை மாதம் அல்பொன்சோ இறந்தான். கலகக்காரருக்கு மன்னனில்லை. அவர்கள் இசபெல்லாவை அழைத்தனர். அண்ணன் உயிரோடிருக்க முடிசூடேன் என்று அவள் மறுத்துவிட்டாள். அவர்கள் கையில் இருந்த ஒரே துருப்பு விழுந்துவிட்டது. எந்த அப்புக்காத்தும் தன் கட்சிக்காரனிடம், இனி ஒன்றையும் எழுதிக் கொடாதே என்று சொல்லும் வேளை அது.

அவ்வாண்டு செப்டெம்பரில், பழங்காலக் கல்லெருதுகள் நான்கு நிற்கும் கிசாண்டோ வெளியில் என்றிக்கே எழுதிக் கொடுத்தான். இசபெல்லாவே முடிக்குரியவள் என்றான். பாப்பரசரின் பிரதிநிதி அங்கேயே நின்று, யுவானாவுக்குச் செய்த சத்தியத்திலிருந்து அனைவரையும் விடுவித்தார். காரணம் என்ன? நமக்குக் கிட்டியுள்ள வாசகத்தைப் பாருங்கள். குழந்தை வேறொருவனுடையது என்று அது சொல்லத் துணியவில்லை. அரசி ஓராண்டாக ஒழுக்கந் தவறினாள் என்கிறது. அவளோடு தனக்கு நடந்த மணம் சட்டப்படி நடக்கவில்லை என்கிறது. ஓராண்டுக்கு முன் நடந்த தவறு ஆறாண்டுக்கு முன் பிறந்த பிள்ளையின் பிறப்பை எவ்வாறு கெடுக்கும்? அரசி ஒழுக்கந் தவறியது எங்கே? கணவன் பிணையாக ஒப்படைத்த பிறர் கோட்டையில், காவலில் இருந்த காலத்தில். தானே அவளை அவ்விடத்துக்கு அனுப்பி, அங்கே நடந்ததைத் தானே பத்திரத்தில் எழுதி, அதைக்கொண்டு தன் மகளின் முதுசத்தைத் தானே அழித்தான். ஆறு வயதுக் குழந்தையின் சார்பில் ஒருவரேனும் விசாரிக்கப்பட்டாரா? இல்லை. குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த மெந்தோசா குடும்பத்தார் மாத்திரம் பாப்பரசருக்கு மேன்முறையீடு செய்தனர்.

மன்னன் இசைவின்றி மணஞ்செய்யேன் என்பது இசபெல்லா ஏற்ற நிபந்தனை. 1469ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவள் அரகன் இளவரசன் பேர்டினண்டை மணந்தாள். இருவரும் இரத்த உறவினராதலால் பாப்பரசரின் அநுமதி வேண்டும். அன்று காட்டப்பட்ட அநுமதிப் பத்திரம் பொய்ப்பத்திரம். உண்மையான அநுமதி 1471இலேயே வந்தது. யுவானாவின் தாயாரது மணம் முறையற்றதென்று கூறிய கூட்டத்தின் முறைமை இதுவாயிருந்தது. உடனே என்றிக்கே என்ன செய்தான்? 1470ஆம் ஆண்டு ஒக்டோபரில் லொசோயாப் பள்ளத்தாக்கில் அரசியோடு நின்று, யுவானா தன் மெய்யான மகளே என்று மீண்டும் சத்தியம் செய்தான்! அவளைப் பிரான்சு மன்னனின் தம்பிக்கு நிச்சயமும் செய்தான். அம்மாப்பிள்ளையும் 1472இல் இறந்தான்.

அவனுக்காகப் பேசுவோர் இக்காலத்திற் சிலர் எழுந்துள்ளனர். ஏழைகளுக்கு இரங்கியவன், பகைவரையும் மன்னித்தவன், கிரனாதாப் போரில் வீண் உயிர்ச்சேதத்தைத் தவிர்த்தவன், இசையும் தனிமையும் விரும்பியவன் என்கின்றனர். இவையாவும் மெய்யாயிருக்கலாம், வெற்றிபெற்ற அரசியின் சம்பளத்தில் எழுதிய பலேன்சியா போன்றோரின் வசைகளை அவர்கள் உரித்துக்காட்டியமைக்கு நாமும் நன்றி பாராட்டுகிறோம். ஆயினும் அவனைச் சமாதானப் பிரியன் என்று சொல்லும்போது நாம் குறுக்கிடுகிறோம். அவன் விட்டுக்கொடுத்தவற்றுள் அவனுடையது எத்தனை? மகளின் முடி, மனைவியின் மானம், தங்கையின் கை, திரண்டு வந்த குடியானவனின் நம்பிக்கை. நாணயத்தைக்கூட விட்டுக்கொடுத்தான். ஐந்தாறாயிருந்த அக்கசாலைகள் அவன் வழங்கிய உரிமைகளால் நூற்றைம்பதாகப் பெருகிவிட்டன என்று அக்காலத்தவர் முறையிட்டனர்; 1471இல் அவனே அவற்றை மீண்டும் ஆறாகக் குறைக்க ஆணையிட வேண்டியதாயிற்று. செல்லாக்காசு யார் மடியிற் கனத்தது? பிரபுவின் மடியிலா?

1474ஆம் ஆண்டு ஒக்டோபரில் பச்சேக்கோ இறந்தான். டிசெம்பர் 11ஆந் திகதி மட்றிட்டில் மன்னனும் இறந்தான். மரணசாசனம் எதுவும் சபையில் வைக்கப்படவில்லை. இரண்டு நாட்களில் இசபெல்லா செகோவியாவில் முடிசூடினாள். ஒரே மன்னனின் கையொப்பத்தால் உரிமை பெற்ற வாரிசுகள் இருவர்! இரத்தம் சிந்த அஞ்சியவன் விட்டுச்சென்றது 1479 வரை நீடித்த போர். யுவானாவின் கட்சியை ஏற்று அவளை மணக்க முன்வந்த மாமன், போர்த்துக்கல் மன்னன் ஐந்தாம் அபொன்சோ, இறுதியில் அல்காசோவாஸ் உடன்படிக்கையில் அவளைக் கைவிட்டான். ஆபிரிக்கக் கரையோரக் கடல்வழி அவ்வுடன்படிக்கையால் போர்த்துக்கலுக்கு உரியதாயிற்று. அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் 1505இல் நம் தீவிலும் வந்திறங்கினர்.

அவ்வுடன்படிக்கை யுவானாவுக்கு இரண்டு வழிகளை வைத்தது. இசபெல்லாவின் கைக்குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை காத்திருந்து அவனை மணப்பது ஒன்று. கன்னியர் மடம் மற்றொன்று. பதினேழு வயது யுவதி மடத்தைத் தேர்ந்தாள். 1480இல் கொயிம்பிரா நகரில் அவள் துறவு பூண்டபோது, அதனைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்வதற்கு இசபெல்லா தன் ஆன்ம குருவையே அனுப்பினாள். யுவானா பின்னும் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1530இல் லிஸ்பன் நகரில் இறந்தாள். இறுதிவரை தன் கடிதங்களில் அவள் இட்ட கையொப்பம் ‘அரசியாகிய நான்’ என்பதே.