அடைமொழியை நம்பி ஓடும் லாரிகள்

தமிழ் இலக்கணம் அடைமொழியை இரண்டாகப் பிரிக்கும். செந்தாமரை என்றால் வெண்தாமரையும் உண்டு. அது இனமுள்ள அடைமொழி. செஞ்ஞாயிற்றுக்கு அப்படி இன்னொரு ஞாயிறு இல்லை. அது இனமில்லா அடைமொழி. 'பசுமை ஹைட்ரஜன்' முதல் வகையைச் சேர்ந்தது. ஆனால் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தின் கரிம உமிழ்வை ஹைட்ரஜன் லாரிகள் ஒழித்துவிடும் என்று எழுதுவோர், ஹைட்ரஜன் என்றாலே பசுமைதான் என்பதுபோல அதை இரண்டாம் வகையாக்கிவிடுகிறார்கள். என் சண்டை இந்த மயக்கத்தோடுதான்.

இன்று உலகில் உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. கரிம உமிழ்வு குறைந்த வழிகளில் கிடைப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. லாரியிலிருந்து நீராவி மட்டுமே வெளியேறுகிறது என்பது மெய். கரியமில வாயு வேறோர் ஊரின் ஆலையில் வெளியேறுகிறது என்பதும் மெய்.

சரி, காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்தே எடுப்போம் என்பார்கள். அப்போதும் கணக்கு இடிக்கிறது. மின்னாற்பகுப்பில் ஒரு பங்கு இழப்பு. வாயுவை உயரழுத்தத்தில் அடைக்கவோ, மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கவோ இன்னொரு பங்கு. எரிபொருள் மின்கலம் அதை மீண்டும் மின்சாரமாக்கும்போது மீதியில் ஏறத்தாழப் பாதி. 100 அலகு மின்சாரத்தில் சக்கரத்தைச் சேர்வது 25 முதல் 30 அலகுகளே. அதே மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் 70க்கு மேல் சேரும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் தூரம். அதை நான் மறைக்கப் போவதில்லை. 2023 செப்டம்பரில் டைம்லர் நிறுவனத்தின் சோதனை லாரி ஒருமுறை நிரப்பிய திரவ ஹைட்ரஜனில் 1,047 கிலோமீட்டர் ஓடியது. சாதனைதான். ஆனால் ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். அதற்குள் அவர் கடப்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அதே நிறுவனம் 2024 இறுதியில் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய பேட்டரி லாரி 500 கிலோமீட்டர் ஓடும். ஓட்டுநர் உண்டு இளைப்பாறும் நேரத்திலேயே மின்னேற்றமும் செய்துகொள்ளலாம். அதற்கான நிலையங்கள் போதவில்லை என்றால், பணம் அங்கேதான் போக வேண்டும்.

சொல் மயக்கம் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்காவின் நிக்கோலா நிறுவனமே சாட்சி. 2018இல் அது வெளியிட்ட காணொளியில் லாரி அழகாகச் சாலையில் விரைந்தது. அது சரிவில் உருண்டு வந்த வண்டி என்பது 2020இல் வெளிப்பட்டது. சொந்த விசையில் ஓடுவதாக நாங்கள் சொல்லவே இல்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது! முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக நிறுவனர் 2022இல் தண்டனைக்குரியவரென நீதிமன்றத்தில் தீர்ப்பானது; 2025 மார்ச்சில் அவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. அது அதற்கு முந்தைய மாதமே திவால் மனு கொடுத்துவிட்டது.

ஹைட்ரஜனே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. உரத்துக்கு அது இன்றியமையாதது. நிலக்கரியின்றி இரும்பு உருக்கவும் அது உதவும். அரிதாகக் கிடைக்கும் தூய ஹைட்ரஜனை, வேறு வழி உள்ள லாரிக்கு ஊற்றுவது ஊதாரித்தனம் என்கிறேன். நாளை வரும் என்று அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் டீசல் லாரிகளே ஓடிக்கொண்டிருக்கும்.

மறுக்க விரும்பும் நண்பர்கள் தாராளமாக மறுக்கலாம். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வரும், அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.